புதுவை வீதிகளில் – 9: குடிக்கூலி வீட்டில் ஒரு குருகுலம்

சென்ற வாரம், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதியும் மேற்கே தமிழர் பகுதியுமாக இந்நகரம் நேர்நேரான வீதிகளால் பகுக்கப்பட்ட வரலாற்றைப் பார்த்தோம். அவ்வீதிகளில் மாளிகை எழுப்பிய துபாஷிகளையும் வர்த்தகர்களையும் பற்றி எழுதியோர் பலர். அம்மாளிகைகளின் மாடியிலோ பின்கட்டிலோ ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, நாலைந்து பேராகச் சேர்ந்து சமைத்துண்டு, சில ஆண்டுகள் படித்துவிட்டுச் சென்ற வித்யார்த்திகளைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர். ஆயினும், புதுவையின் கல்விப் பெருமையை ஆராயப் புகுவோமானால், கல்லூரிக் கட்டடங்களுக்கு அதில் எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு குடிக்கூலி வீடுகளுக்கும் உண்டு என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதற்குத் தக்க சாட்சியாக, நூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வூரில் சில இளைஞர்கள் பகிர்ந்து வாழ்ந்த வாடகை வீடுகளின் கதையை இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன்.

1910-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி, ‘துய்ப்ளே’ என்னும் கப்பலில் கல்கத்தாவிலிருந்து வந்து இறங்கிய அரவிந்தர், பாரதியாரும் அவர் நண்பர் ஸ்ரீநிவாஸாச்சாரியாரும் செய்த ஏற்பாட்டின்படி, கலவைச் சங்கரச் செட்டியாரின் இல்லத்து மேல்மாடியில் ஏறக்குறைய ஆறு மாத காலம் விருந்தினராகத் தங்கினார். எவ்வளவு பெரிய மனத்தோடு இடம் கொடுத்தாலும், பிறர் வீட்டில் விருந்தினராக எத்தனை நாள் இருக்க முடியும்? அவ்வாண்டு அக்டோபரில் சுய்ப்ரேன் வீதியில் ஒரு வீடு வாடகைக்குப் பிடிக்கப்பட்டது. 1911 ஏப்ரலில் சேன் லூயி வீதிக்கும், 1913 ஏப்ரலில் மிஷன் வீதிக்கும், அதே ஆண்டு அக்டோபரில் பிரான்சுவா மார்த்தேன் வீதிக்குமாக மூன்றே ஆண்டுகளில் நான்கு வீடுகள் மாறினார்கள். இந்நான்காம் வீட்டில்தான் 1922 வரை நிலைத்தார்கள். வீடு பார்ப்பதும், சாமான் கட்டுவதும், முன்பணம் திரட்டுவதும், மறுபடி வேறு வீடு பார்ப்பதுமாகிய இந்த அனுபவம், வெளியூரில் படித்த எவருக்கும் புதிதன்று.

அரவிந்தரோடு அவ்வீடுகளில் வசித்தவர்கள் இளைஞர்கள். நளினிகாந்த குப்தருக்கு அப்போது இருபத்தொரு வயது. கல்கத்தாவில் பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர், அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் ஓராண்டு சிறையிலிருந்து, பின் குற்றமற்றவரென விடுதலை பெற்று, பட்டப்படிப்பை முடிக்காமலேயே புதுவை சேர்ந்தவர். மணி என்று அழைக்கப்பட்ட சுரேஷ் சக்கரவர்த்தி, பிஜய் நாக், ஸௌரின் போஸ் ஆகியோர் மற்றவர்கள். தஞ்சை மாவட்டத்துத் திங்களூரில் பிறந்து, பிற்காலத்தில் ‘மணிக்கொடி’யின் ஆசிரியராகத் தமிழ் உரைநடைக்குப் புதிய வீறு தந்த வ.ரா.வும் இவ்வீட்டில் சில காலம் வசித்தவரே என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். வங்காளத்து இளைஞர் நால்வரோடு தமிழிளைஞர் ஒருவர் ஒரே கூரையின் கீழ் உண்டு, உறங்கி, விவாதித்து வளர்ந்த அந்தச் சகவாசத்தைத் தவிர்த்து வ.ரா.வின் மனப்போக்கை விளங்கிக்கொள்ள முடியாதென்றே நான் கருதுகிறேன்.

வீட்டில் இருந்த செல்வம் யாது? படுப்பதற்குப் பாய்கள். குளிப்பதற்கு முற்றத்துக் குழாய். துவட்டிக்கொள்வதற்கு எல்லோருக்குமாக ஒரே ஒரு துண்டு. இளைஞர்கள் குளித்துத் துவட்டி முடித்தபின், அதே குழாயடியில் அரவிந்தரும் ஸ்நானம் செய்து அதே துண்டால் துவட்டிக்கொள்வார் என்று நளினிகாந்தர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் புலமை பெற்று, பரோடா சமஸ்தானத்தில் உயர்பதவி வகித்து, நாடு முழுவதும் பெயர் விளங்கிய ஒருவர், தம்மைவிடப் பதினைந்து, இருபது வயது இளையோருக்குப் பின்னே வரிசையில் நின்று ஈரத் துண்டை வாங்கிக்கொண்டார் என்பதை நினைக்கும்போது, பகிர்ந்து வாழும் வீட்டின் முதற்பாடம் எங்கே தொடங்குகிறதென்பது தெளிவாகிறது.

சமையலும் பங்கிடப்பட்டிருந்தது. சோறு வடிப்பது நளினிகாந்தர் பொறுப்பு; பருப்பு மணியின் பொறுப்பு; கைப்பக்குவம் தெரிந்தவராகிய பிஜய் காய்கறியும் குழம்பும் பார்த்துக்கொண்டார். வேலைக்காரரை வைத்துக்கொள்ளும் நிலையில் அவர்கள் இல்லை. 1912 ஜூலையில் சந்திரநாகூரிலிருந்த மோதிலால் ராய்க்கு அரவிந்தர் எழுதிய கடிதமொன்றில், கையிருப்பு ஏறக்குறைய ஒன்றரை ரூபாய்தான் என்றும், நண்பர் ஸ்ரீநிவாஸாச்சாரியாரும் பணமின்றி இருக்கிறாரென்றும், பாரதியாரின் ஜீவனமோ எதுவுமின்றியே நடக்கிறதென்றும் தெரிவிக்கிறார். கொடியாலம் ரங்கஸ்வாமி ஐயங்கார் போன்ற தனவந்தர்களும் சந்திரநாகூர் நண்பர்களும் அனுப்பிய தொகை வரும் நாளை எண்ணிக்கொண்டே வீட்டு வாடகை செலுத்தப்பட்டது. மாதக் கடைசியில் ஊரிலிருந்து வரவேண்டிய பணத்தை எதிர்பார்த்து நிற்கும் இன்றைய மாணவனின் கவலைக்கும் இதற்கும் வேறுபாடில்லை.

இவ்வளவு வறுமையிலும் அவ்வீட்டில் புத்தகம் வாங்குவது நிற்கவில்லை. உணவுக்கே தட்டுப்பாடான மாதங்களிலும் நூல்களுக்கென்று ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டது. கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய நான்கு மொழிகளை நளினிகாந்தர் கற்றது எந்தப் பல்கலைக்கழகத்திலும் அன்று. பாய் விரித்த அந்த வாடகை அறையில்தான். அரவிந்தர் கற்பித்த முறையும் தனியானது. இலக்கணப் பாலபாடத்தில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் செய்யாமல், யூரிபிடீஸின் ‘மீடியா’வையும் ஸோபோக்ளீஸின் ‘ஆன்டிகனி’யையும் கையில் கொடுத்து, முதல் வரியிலிருந்தே பொருள் கண்டு செல்லும்படி பழக்கினார். மாலை வேளைகளில் பாரதியார் வருவார். அரவிந்தரோடு ரிக்வேத ஆராய்ச்சி நடக்கும். அரவிந்தரோ பாரதியார் துணையால் தமிழில் புகுந்து ஆழ்வார் பாசுரங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கற்பவர் யார், கற்பிப்பவர் யார் என்று பிரித்துச் சொல்ல இயலாதபடி வித்தை கைம்மாறிய இடம் அது. பாடவேளை முடிந்ததும் ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு வீடுகளுக்குப் பிரிந்து செல்லும் கல்லூரியில் இது நிகழ்வது அரிது. ஒரே உலையில் வெந்த சோற்றை உண்பவர்களுக்கு, பாடம் முடியும் மணி என்று ஒன்று இல்லை.

பகிர்ந்த வீட்டில் எல்லாம் நன்மையே என்று நான் சொல்லமாட்டேன். நம்பிக்கைக் கேட்டுக்கும் அங்கே இடமுண்டு. 1913-ஆம் ஆண்டளவில், பிஜயின் உறவினராகிய நாகேன் நாக் என்பவர் நோயுற்று வந்து தங்கியபோது, அவருக்குத் துணையாக பிரேந்திரநாத் ராய் என்பவரும் வந்து, சமையலிலும் மற்ற வேலைகளிலும் உதவிக்கொண்டு வீட்டாருள் ஒருவராகவே ஆகிவிட்டார். ஒருநாள் அவர் தலையை மழித்துக்கொண்டார். அதைக் கண்ட மணிக்கும் தலையை மழித்துக்கொள்ளும் ஆசை பிறந்தது. பிரேனோ அதை வேண்டாமென்று பலமாகத் தடுத்துப் பார்த்தார், மணி கேட்கவில்லை. தம் இரகசியம் வெளிப்பட்டுவிட்டதென்று அஞ்சிய பிரேன், தாம் பிரிட்டிஷ் போலீஸாரால் அனுப்பப்பட்ட உளவாளி என்பதை அரவிந்தர் முன்னிலையில் தாமே ஒப்புக்கொண்டார். தமக்குப் பதிலாக வரப்போகும் ஆள் தம்மை அடையாளம் காண்பதற்காகவே அவர் தலையை மழித்திருந்தார். யாரும் சந்தேகிக்கவில்லை என்பதுதான் இதில் விசேஷம். கூடச் சமைத்து, கூட உண்டு வாழ்பவனைச் சந்தேகிக்க அவ்வீட்டார் கற்றிருக்கவில்லை. அதனால் நேர்ந்த அபாயம் பெரிதுதான். ஆனாலும், ஒவ்வொருவரையும் ஐயுற்று வாழ்ந்திருந்தால் அங்கே ‘ஆன்டிகனி’யும் நடந்திராது, சோறும் வெந்திராது.

வீட்டுக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதியார் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், ‘விளக்கெண்ணெய்ச் செட்டியார்’ என்ற பெயரால் மட்டுமே இலக்கிய உலகுக்குத் தெரிந்தவர். வாடகை வாங்க வருவார். பாரதியார் பாடிக்கொண்டிருந்தால் ஓரமாக உட்கார்ந்து கேட்பார். வாடகைப் பேச்சை எடுக்காமலேயே எழுந்து போய்விடுவார். மாதக்கணக்கில் பாக்கி நின்றபோதும் குடியைக் கிளப்பவில்லை. அவர் கல்வியாளரல்லர், கவிதையை ஆராயத் தெரிந்தவருமல்லர். தம் வீட்டில் குடியிருப்பவர் சாமானியர் அல்லர் என்று உணர்ந்து பொறுத்தார். அந்தப் பொறுமை தமிழுக்குச் செய்த உபகாரத்தை அளவிட முடியாது. கையில் காசில்லாத ஒரு கவிஞர், போலீஸாரின் கண்காணிப்புக்கு நடுவே, 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் ஓர் ஊரில் இருந்து எழுத முடிந்ததென்றால், அதற்குப் பிரெஞ்சு அரசின் அடைக்கலம் மட்டுமா காரணம்?

போலீஸாரைப் பற்றிய பேச்சு வந்ததால் இன்னொரு செய்தி. 1911-இல் புதுவை அரசு, வெளியிலிருந்து வந்து வசிப்போர் அனைவரும் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்றும், ஊர்ப்பெரியோர் ஐவரின் நற்சான்று தர வேண்டுமென்றும் சட்டம் இயற்றியது. இங்கே அடைக்கலம் புகுந்திருந்த சுதேசிகளை வெளியேற்றப் பிரிட்டிஷார் கொடுத்த நெருக்கடியின் விளைவு இது. அரசின் கோபத்துக்கு அஞ்சாமல் கையெழுத்திட ஐந்து பேர் கிடைப்பார்களா என்ற நிலையில், சங்கரச் செட்டியார் முன்னின்று தாமும் கையெழுத்திட்டு, மற்றவர்களின் கையெழுத்தையும் பெற்றுத் தந்தார். இன்று வெளியூர் மாணவன் ஒருவன் புதுவையில் அறை கேட்டு நின்றால், ஆதார் நகல், கல்லூரி அடையாள அட்டை, உள்ளூர்ப் பாதுகாவலரின் பெயர் என்று அடுக்கடுக்காகக் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் உள்ளூரில் ஒருவரையும் அறியாத பையனுக்காக ‘நான் இருக்கிறேன்’ என்று முன்வரும் சங்கரச் செட்டியார்கள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே என் மனத்தை வருத்தும் கேள்வி.

இன்றைய நிலையைப் பார்ப்போம். புதுவை சிறிய ஊராயினும் கல்வி நிலையங்களால் நிறைந்த ஊர். 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலாகிய ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. தாகூர் கலைக் கல்லூரி 1961 முதல் லாஸ்பேட்டையில் நடக்கிறது. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம் வடக்கே கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் விரிந்து கிடக்கிறது. சட்டக் கல்லூரியும் அவ்வூரிலேயே. அரவிந்தர் குடியிருந்த அதே சேன் லூயி வீதியில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இயங்கி, சைவாகமச் சுவடிகளைத் தேடி வரும் ஆராய்ச்சி மாணவர்களை ஈர்க்கிறது. இந்த யூனியன் பிரதேசமோ ஒரே நிலப்பரப்பாக அமைந்ததன்று. காரைக்கால் தெற்கே தஞ்சைக் கடற்கரையில், மாஹே கேரளத்தில், ஏனாம் ஆந்திரத்துக் கோதாவரிக் கரையில். ஆகவே தம் சொந்தப் பிரதேசத்தின் தலைநகருக்குப் படிக்க வரும் பிள்ளையே தமிழ் தெரியாத அந்நியனாக வந்து இறங்கும் விந்தை இங்கே உண்டு.

முத்தியால்பேட்டையில் நான் குடியிருந்த மாடிப் போர்ஷன் அப்படிப்பட்டதே. காரைக்கால்காரர் ஒருவர், மாஹேக்காரர் ஒருவர், ஏனாம்காரர் ஒருவர், நான். கீழே வீட்டுக்கார அம்மாள். “தம்பி, ராத்திரி பத்து மணிக்கு மேலே மோட்டார் போடாதீங்கப்பா, குழந்தை தூங்குது” என்பார். “சரிங்கம்மா” என்போம். கரண்ட் பில்லை நாலாகப் பிரிப்பதில் வந்த முதல் சண்டை, விடிய விடிய விளக்கெரித்துப் படிப்பவரும் மற்றவரும் ஒரே பங்கு தரலாமா என்பது. படிப்புக்கு எரியும் விளக்குக்குக் கணக்குப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். மலையாளமும் தெலுங்கும் கொஞ்சம் பேசக் கற்றேன். புழுங்கலரிசியா பச்சரிசியா என்ற விவாதம் மட்டும் கடைசிவரை தீரவில்லை.

அத்தகைய போர்ஷன்கள் இப்போது நகரத்தின் உட்பகுதியில் குறைந்துகொண்டே வருகின்றன. தமிழர் பகுதியின் பழைய வீடு, வீதியை நோக்கிய தாழ்வாரமும் திண்ணையும் தாண்டி, நடுவே முற்றமும் முற்றத்தைச் சுற்றி அறைகளுமாக அமைந்தது. கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்மாடி பிரெஞ்சு முறையிலும் கட்டிய வீடுகளும் பலவுண்டு. நாலைந்து பேர் சேர்ந்து குடியிருக்க இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை: அறை அவரவர்க்கு, முற்றம் எல்லோர்க்கும். இவ்வீடுகளைப் புதுப்பித்துக் காத்த முயற்சிக்காக, சங்கரச் செட்டியார் இல்லம் இருந்த வைசியாள் வீதி 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதையும் பெற்றது. பெருமைப்பட வேண்டிய செய்தியே. ஆனால் புதுப்பித்த வீடுகளில் பல இன்று உல்லாசப் பயணிகளுக்கான தங்கும் விடுதிகள். மாணவன் மாதம் முழுவதற்கும் தரக்கூடியதை, வார இறுதியில் வருவோர் சில இரவுகளிலேயே தந்துவிடுகிறார்கள். பழைய வீட்டைப் பழுதுபார்க்கும் செலவு எத்தகையதென்று அறிந்தவன் ஆதலால், வீட்டுக்காரர்களை நான் குறை கூறவில்லை. எனினும் விளைவு இதுதான்: மாணவர்கள் லாஸ்பேட்டைக்கும் காலாப்பட்டுக்கும் அவற்றுக்கு அப்பாலும் தள்ளப்பட்டு, ஓர் அறையில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்ட விடுதிகளில் அடைபடுகிறார்கள். நகரத்தின் நடுவிலுள்ள ரோமன் ரோலன் நூலகம் அவர்களுக்குத் தூரமாகிறது.

அறை கிடைத்தாலும் கேள்விகள் ஓய்வதில்லை. என்ன ஜாதி, மாமிசம் சமைப்பீர்களா, என்ன மதம் என்று கேட்டு, பதில் கேட்டபின் ‘வேறொருவருக்குச் சொல்லியிருக்கிறோம்’ என்று கதவைச் சாத்துவோர் இன்றும் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் படும் சிரமம் இதனினும் பெரிது. இது அநியாயம் என்பதைத் தவிர இதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

சட்டம் பற்றிச் சில வார்த்தை சொல்லிவைப்பது இளைஞர்களுக்குப் பயன்படும். பதினோரு மாத ஒப்பந்தம் எங்கும் வழக்கமானதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியே. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டாலும், மாத வாடகைக் குடித்தனத்தை முடித்துக்கொள்ள இரு தரப்பிலும் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டுமென்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு கூறுகிறது. ‘நாளைக் காலையில் காலி செய்’ என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. புதுவைக்கென்று 1969-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் உண்டு. மத்திய அரசு 2021-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாதென்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும்போது ரசீதும், சாவி வாங்கும்போது சுவர், மின்விசிறி, குழாய் இவற்றின் நிலையைக் குறித்த ஒரு காகிதமும் கேட்டுப் பெறுங்கள். வெள்ளையடிக்கும் செலவென்று சொல்லி முன்பணத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கத்துக்கு அந்தக் காகிதமே தடை.

கூடி வாழும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் உண்டு. வீட்டுக்காரர் கொடுப்பது சுவரும் கூரையும்தான். மற்றதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. வாடகையை ஐந்தாம் தேதிக்குள் கொடுங்கள். முறைவைத்துச் சமையுங்கள், கடையில் வாங்கித் தனித்தனியே தின்று தனித்தனியே கைப்பேசியில் மூழ்கிப் படுப்பதற்கு ஒரு வீட்டைப் பகிர வேண்டியதில்லை. ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவர்க்குச் சொல்லிக் கொடுங்கள். பொறியியல் படிப்பவன் சட்டம் படிப்பவனிடமும், மலையாளி தமிழனிடமும் கற்றுக்கொள்ளக் கிடைக்கும் இந்தச் சந்தர்ப்பம், படிப்பு முடிந்து அவரவர் ஊருக்குத் திரும்பியபின் கிடைக்காது.

புதுவையின் உட்பகுதியில் வீடு வைத்திருக்கும் அன்பர்களுக்குக் கடைசியாக ஒன்று. முழு வீட்டையும் மாணவருக்கு விடுங்கள் என்று கேட்கவில்லை. பயணிகளுக்கென்று ஒதுக்கிய அறைகளுள் ஒன்றை, மாடியிலிருப்பதானாலும் பின்கட்டிலிருப்பதானாலும், ஜாதி மதம் கேளாமல் நியாயமான வாடகைக்கு ஒரு வித்யார்த்திக்குக் கொடுங்கள். வரும் ஜூன் மாதம் கல்லூரிகள் திறக்கும்போது அறை தேடி அலையும் பிள்ளைகள் உங்கள் தெருவுக்கும் வருவார்கள்.

(தொடரும்)